ஒரு வீட்டில் நாலு பேர், நாலு அளவு தண்ணீர்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். வேலந்தாவளம் பக்கம் வீடு, கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, அம்மாவுக்கு 68 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துவிட்டுக் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒன்றரை லிட்டர் குடிக்கிறார், மனைவி தொழிலுறப்பு, அதாவது ஊரக வேலை உறுதித் திட்ட வேலைக்குப் போகிறார், ஆறாவது படிக்கும் மகள் கொண்டுபோன பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டு வருகிறாள். இத்தனையும் சொல்லிவிட்டு, ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குடிக்க வேண்டும், ஒரே எண்ணாகச் சொல்லுங்கள் என்கிறீர்கள். ஒரே எண் சொன்னால் உங்கள் வீட்டில் ஒருவருக்காவது அது தப்பாகப் போகும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் பதினேழு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். தண்ணீரை மில்லி கணக்கில் அளந்து குடிக்கிறவர்கள் நடுவில்தான் என் நாள் போகிறது. நாக்கு வறண்டு போய் ஒரு ஐஸ் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, அதையும் கணக்கில் எழுதி வைக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். அதே ஊரில், சிறுநீரகத்தைக் கழுவுகிறேன் என்று ஐந்து லிட்டர் குடிக்கிறவர்களையும் தெரியும்.

முதலில், ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் குடித்தே ஆக வேண்டும் என்று எல்லோரும் சொல்கிற அந்தக் கணக்கு. அமெரிக்காவில் உணவு, சத்துக் குழு ஒன்று 1945-இல் ஒரு பரிந்துரை எழுதியது. பெரியவர்களுக்கு நாளைக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் போதுமானது, சாப்பிடும் ஒவ்வொரு கலோரிக்கும் ஒரு மில்லி என்று வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே அதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். எட்டு டம்ளர் கணக்கு அங்கிருந்து கிளம்பியிருக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு, அப்படியென்றால் அந்த அடுத்த வரி வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரக அறிஞர் 2002-இல், ஆரோக்கியமான எல்லோரும் எட்டு டம்ளர் குடித்தே ஆக வேண்டும் என்பதற்கு ஆதாரம் உண்டா என்று தேடிப் பார்த்து, கிடைக்கவில்லை என்றே எழுதினார். 2022-இல் இன்னும் பெரிய வேலை நடந்தது. 23 நாடுகளில் 5604 பேருக்கு, பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 96 வயதுக்காரர் வரை, உடம்புக்குள் போன பிறகும் தடம் பார்க்கக்கூடியபடி அடையாளம் போட்ட தண்ணீரைக் கொடுத்து, உடம்புக்குள் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் வந்து போகிறது என்று அளந்தார்கள். ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர், வயதுக்கு வயது அவ்வளவு வித்தியாசம். வெயிலில் உடல் உழைப்பவர்கள், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் கணக்கு வேறு.

எடையைக் கிலோவில் போட்டு இவ்வளவால் பெருக்கு, வகு என்று ஒரு கணக்கும் சுற்றுகிறது, நீங்களும் அதைக் கேட்டிருக்கிறீர்கள். கிலோவுக்கு 25 முதல் 30 மில்லி என்பது ஆஸ்பத்திரியில், வாய்வழியாக எதுவும் சாப்பிட முடியாமல் படுத்திருக்கிறவருக்கு டிரிப் ஏற்றும்போது நாங்கள் வைக்கிற கணக்கு. எழுந்து நடமாடி, மூன்று வேளை சோறும் குழம்பும் சாப்பிடுகிற ஆளுக்கு அதை அப்படியே ஒட்ட வைப்பதில் அர்த்தமில்லை.

சரி, ஏன் குடிக்கிறோம் என்பதிலிருந்து பார்ப்போம். உங்கள் உடம்பு எடையில் பாதிக்கு மேல், சுமார் 60 சதவீதம் தண்ணீர். அது நிற்காமல் கசிந்துகொண்டே இருக்கிறது. மூச்சிலும் தோலிலும் நமக்குத் தெரியாமலே ஒரு நாளைக்கு 800 மில்லி அளவுக்குப் போகிறது, சிறுநீராக ஒன்றரை லிட்டர், மலத்தில் கொஞ்சம். வேர்வை தனி, அது ஆளையும் வேலையையும் பொறுத்தது. இந்தப் பக்கம் உணவிலிருந்து முக்கால் லிட்டரோ அதற்கு மேலோ வந்துவிடுகிறது, சாப்பிட்டதை உடம்பு எரிக்கும்போதே கால் லிட்டர் போலத் தண்ணீர் உண்டாகிறது. மீதிதான் நீங்கள் குடிக்க வேண்டியது. நிழலில் இருந்து வேலை பார்க்கும் ஒருவருக்கு அது ஒன்றரை, இரண்டு லிட்டருக்குள் வரும். நம் ஊர் மார்ச், ஏப்ரலில் இன்னும் அரை லிட்டர் கூட. நம் நாட்டின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சாதாரண ஆளுக்கு இரண்டு லிட்டர் என்றுதான் சொல்லி வந்திருக்கிறது.

இதில் தேநீரும் சேரும், மோரும் சேரும், ரசமும் கஞ்சியும் சேரும். டீ, காபி குடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். நாளைக்கு நாலு கோப்பை காபி குடித்த ஐம்பது ஆண்களையும், அவர்களே அதே அளவு வெறும் தண்ணீர் குடித்த நாட்களையும் ஒப்பிட்டு 2014-இல் பார்த்தார்கள், உடம்பின் நீர் அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வடித்த சோற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். காலையில் பழைய சோற்றில் மோர் ஊற்றிக் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போன நம் தாத்தாமார்கள் லிட்டர் எண்ணியதில்லை. அவர்கள் வயிற்றுக்குள் போனதில் பாதி தண்ணீராகவே போயிருக்கிறது.

எண்ணாமலே உடம்பு சமாளித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. மூளையின் அடியில் ஒரு சின்ன இடம் ரத்தத்தில் உப்பு எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. அடர்த்தி ஒன்றிரண்டு சதவீதம் ஏறினாலே வாசோபிரசின் என்ற ஹார்மோனை அவிழ்த்துவிடும், அது சிறுநீரகத்திடம் போய்த் தண்ணீரைப் பிடித்து வை என்று சொல்லும், இன்னும் கொஞ்சம் ஏறினால் தாகம் எடுக்கும். சிறுநீரகம் ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விட்டு, மீதியைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்கிறது. நீங்கள் இரண்டு லிட்டர் கூடக் குடித்தால் அந்த 180 லிட்டர் கூடப்போவதில்லை. வெளியே விடுகிற தண்ணீர்தான் கூடும். ஆரோக்கியமான சிறுநீரகத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாது, அதற்குத் தேவையும் இல்லை.

அப்படியென்றால் தாகம் எடுத்தால் குடி, அவ்வளவுதானே என்று கேட்பீர்கள். ஆரோக்கியமாக, நிழலில், நினைத்த நேரத்தில் குடிக்கவும் நினைத்த நேரத்தில் ஒதுங்கவும் வசதி உள்ள ஆளுக்கு, ஆமாம், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் அந்த வகை ஆள் ஒருவர்கூட இல்லை என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதலில் அம்மா. அவசரமாகப் பார்க்க வேண்டியது அதைத்தான். காலையில் ஒன்றரை லிட்டர் என்பதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். வயதானால் இரண்டு காரியம் சேர்ந்து நடக்கிறது. தாகம் மங்கிவிடும், அதனால் தேவைப்படும்போது குடிக்க மாட்டார்கள். அதே சமயம் சிறுநீரகத்தின் வேகமும் குறைந்திருக்கும், அதனால் மொத்தமாகக் குடித்ததைச் சீக்கிரம் வெளியேற்றவும் முடியாது. இதற்கு மேல் பிரஷருக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பலவற்றில் நீர் மாத்திரையும், அதாவது சிறுநீரைக் கூட்டும் மருந்தும் கலந்திருக்கும். அது உப்பையும் சேர்த்து வெளியே தள்ளும். பிரஷர் என்று வீட்டில் உப்பையும் குறைத்திருப்பீர்கள். உப்பு போய்க்கொண்டிருக்கும் உடம்பில் வெறும் தண்ணீரை ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 135-இலிருந்து 145 வரை இருக்க வேண்டியது 120-க்குக் கீழே இறங்கி வந்த பாட்டிகளை எங்கள் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். முதல் நாள் சோர்வு, தலைவலி, வாந்தி, அப்புறம் சொன்னதையே சொல்வது, பேரப்பிள்ளையைப் பெயர் மாற்றிக் கூப்பிடுவது, தடுமாறி விழுவது. வீட்டில் வயசாகிவிட்டது, மறதி என்று நினைத்துவிடுகிறார்கள். இன்னும் மோசம், வெயிலில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று இன்னும் இரண்டு டம்ளர் கொடுக்கிறார்கள். இறங்கிய சோடியத்தை அவசரப்பட்டு ஏற்றவும் கூடாது, மெதுவாகத்தான் ஏற்ற முடியும், அதனால் நாள் கணக்கில் படுக்கை.

அதனால் அம்மாவுக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டர், வெயில் காலத்தில் கொஞ்சம் கூட, அதையும் நாள் முழுக்கப் பிரித்து. எழுந்ததும் ஒரு டம்ளர், சாப்பாட்டோடு ஒன்று, நடுவில் மோர் ஒன்று என்று நீங்களே எடுத்துக் கொடுங்கள், தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். சாயங்காலத்துக்கு மேல் குறைத்துக்கொள்ளலாம். ராத்திரி பாத்ரூமுக்கு இரண்டு தடவை எழுந்து போகிறவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வதும் நான் பார்க்கிற காட்சிதான். காலில் வீக்கம், படுத்தால் மூச்சு வாங்குவது இருந்தால் அல்லது இதயம் பலவீனம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) அதிகம் என்று முன்பே சொல்லியிருந்தால், இந்த அளவுகூடப் பொருந்தாது, டாக்டர் சொன்ன அளவுதான். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரை அட்டையைக் கொண்டுபோய் இதில் நீர் மாத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள், ரத்தத்தில் சோடியம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து நீங்கள். உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வேர்ப்பது சாதாரணம். ஒரு லிட்டர் வேர்வை ஆவியாகப் போனால் கிட்டத்தட்ட 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும், உடம்பு உங்களைக் காப்பாற்றுவதே அப்படித்தான். இங்கே நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலைத்தொடர் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் கணவாயில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். மழை போன பிறகு கிழக்கிலிருந்து வறண்ட காற்று இதற்குள் புகுந்து அடிக்கும். கொச்சியில் நாலு எட்டு நடந்தால் சட்டை முதுகில் ஒட்டும், அந்த ஆளுக்குத் தான் வேர்ப்பது தெரியும். இங்கே வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுகிறது, சட்டை நனையாது, சாயங்காலம் கழற்றும்போது வெள்ளையாக உப்புக் கோடு மட்டும் இருக்கும். தனக்கு அவ்வளவாக வேர்க்கவில்லை என்று நம்பிக்கொண்டே இரண்டு லிட்டரை இழந்திருப்பார்கள்.

உங்களுக்குத் தாகத்தை மட்டும் நம்பினால் போதாது, அது கொஞ்சம் பின்தங்கி வரும். இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகாதீர்கள், வேர்வையில் போனது போக மீதியைச் சிறுநீரகம் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குத்தான் வெளியே விட முடியும். உங்கள் சொந்த அளவைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஷிஃப்டுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் பாக்கி. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். 2002-இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது, ஓடும்போது எடை கூடியவர்கள்தான் அதில் அதிகம் மாட்டினார்கள். உப்பு மாத்திரை எதுவும் வேண்டாம். மதியம் சோறும் குழம்பும் ஊறுகாயும் சாப்பிடுகிற ஆளுக்கு உப்பு உள்ளே போய்விடும், கூட ஒரு செம்பு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரோ சம்பாரம் என்கிற நீர்மோரோ இருந்தால் நல்லது. சாப்பிடாமல் நாலைந்து மணி நேரம் தொடர்ந்து வேர்த்தால், அல்லது வயிற்றுப்போக்கு இருந்தால் ஓஆர்எஸ் என்ற உப்பு, சர்க்கரைப் பொடிக் கரைசல். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கரைக்கக் கூடாது.

உங்கள் கம்பெனிக்குப் புதிதாக வரும் பையன்களைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அந்த நாட்களில்தான் விழுகிறார்கள். உளறுகிறார், தள்ளாடுகிறார் என்றால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். நிழலுக்குத் தூக்கிப் போய்ச் சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே வண்டியைக் கூப்பிடுங்கள்.

இப்போது உங்கள் மனைவியும் மகளும். நீங்கள் இவர்களைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், எனக்கு அதில்தான் மனசு நின்றது. தொழிலுறப்பு வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் ஒரு டீ குடித்துவிட்டு வீடு திரும்பும் வரை தண்ணீரைத் தொடாமல் இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும், என் அம்மாவும் கடலைக் காட்டு வேலைக்குப் போனவள். தாகம் இல்லாமல் இல்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடம் இல்லை. அந்த வேலைக்கான 2005-ஆம் வருடத்துச் சட்டத்தில், வேலை நடக்கும் இடத்தில் குடிதண்ணீர், குழந்தைகளுக்கு நிழல், முதலுதவிப் பெட்டி எல்லாம் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள், கழிப்பறை என்று எழுதவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, போக இடம் கொடுக்காவிட்டால் அந்தக் குடம் நிரம்பியேதான் இருக்கும். பள்ளிக்கூடத்திலும் இதேதான். கேரளப் பள்ளிகளில் 2019-இல் வாட்டர் பெல் அடிக்க ஆரம்பித்தார்கள், மணி அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் பாட்டிலைத் திறந்து குடிக்க வேண்டும், பிறகு பக்கத்து மாநிலங்களுக்கும் பரவியது, அருமையான ஏற்பாடு. ஆனால் தாழ்ப்பாள் இல்லாத, தண்ணீர் வராத கழிப்பறை உள்ள பள்ளியில் மணி அடித்துப் பயனில்லை. பெண் பிள்ளைகள் உதட்டை நனைத்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள்.

இப்படி வருடக்கணக்கில் குறைத்துக் குடித்து, அடக்கி அடக்கி வைப்பதன் பலன் நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்துகொண்டிருந்த, நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்துவந்த 140 பெண்களை வைத்து 2018-இல் ஒரு ஆய்வு வந்தது. பாதிப் பேரை வழக்கத்துக்கு மேல் ஒன்றரை லிட்டர் குடிக்க வைத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குத் தொற்று சராசரியாக 1.7 தடவை, மற்றவர்களுக்கு 3.2 தடவை. கல்லுக்கும் இப்படித்தான். ஒரு தடவை கல் வந்தவர்களில், நாளைக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் போகும்படி குடித்தவர்களுக்கு ஐந்து வருடத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குத்தான் திரும்ப வந்தது, சும்மா விட்டவர்களில் இருபத்தேழு பேருக்கு. 1996-இல் இத்தாலியில் செய்தது அது. தண்ணீரைக் கூடக் குடி என்று ஆதாரத்தோடு நான் சொல்லக்கூடிய முக்கியமான இரண்டு காரியங்கள் இவைதான், இரண்டுமே இந்த வீட்டுப் பெண்களுக்குப் பொருந்தும்.

மனைவிக்கு வேலை நாளில் இரண்டரை, மூன்று லிட்டர் வேண்டும். மகளுக்கு ஒன்றரை லிட்டர் போதும், விளையாடும் நாளில் அதைவிடக் கொஞ்சம் அதிகம் வேண்டும். அளவைச் சொல்லிவிட்டால் குடித்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். மகளிடம் ஏன் குடிக்கவில்லை என்று அதட்டாமல், பள்ளிக்கூடத்துக் கழிப்பறை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், நீங்கள் கேட்டு அவள் சொல்லாவிட்டால் மனைவியைக் கேட்கச் சொல்லுங்கள்.

அளவு சரியா என்று பார்க்க லிட்டர் கணக்கைவிட சிறுநீரின் நிறம் எளிது. எலுமிச்சம்பழச் சாறு கலந்த தண்ணீர் போல இளமஞ்சளாக இருந்தால் சரி. அடர்ந்த மஞ்சளானால் குடியுங்கள், ஆனால் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் அப்படித்தான் போகும். எப்போதும் நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர் மாதிரியே போனால் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள். கட்டன் சாயா, அதாவது பால் இல்லாத டீ நிறத்தில் போனால் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

எவ்வளவு என்று கேட்டீர்கள், எந்தத் தண்ணீர் என்று கேட்கவில்லை, நம் பக்கத்தில் அதையும் கேட்க வேண்டும். பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்க வைத்த சிவப்புத் தண்ணீரோ சீரகத் தண்ணீரோ குடிப்பது நல்ல பழக்கம், அதில் பாதி நன்மை கட்டையால் வருவதைவிடக் கொதிக்க வைப்பதால் வருகிறது. ஓட்டல்களில் சூடாக இருக்கிறதென்று அதிலேயே பச்சைத் தண்ணீரைக் கலந்து வைத்தால் கொதிக்க வைத்ததே வீண், மஞ்சள் காமாலை அப்படித்தான் பரவுகிறது. கிழக்குப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் சிலவற்றில் ஃப்ளோரைடு இருக்கிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், நாளாக நாளாக எலும்பிலும் ஏறும். அது கொதிக்க வைத்தால் போகாது. உங்கள் வீட்டில் போர் தண்ணீர் என்றால் ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள், அதிகமாக இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரை வையுங்கள். இளநீர் நம் ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, உங்களுக்கும் மனைவிக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். அம்மாவுக்கு மட்டும் கிரியாட்டினின் பார்க்காமல் தினமும் கொடுக்காதீர்கள், அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது இதயத்தில் போய் உட்காரும்.

சோடியம் பார்க்கும் அதே ரத்தத்திலேயே கிரியாட்டினினும் பார்க்கலாம், ஒரே ஊசிதான். திங்கட்கிழமை உங்களுக்கு ராத்திரி ஷிஃப்ட் என்றால் காலையிலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் தம்பி.